இலக்கிய வகுப்பும் பிற கலைகளும்



இலக்கிய வகுப்பு எதற்காக நடைபெறுகின்றது? இந்தக் கேள்வியை உங்களிடம் கேட்டால் பலவாறு விடை கூறுவீர்கள். செய்யுளைப் பொருள் உணர்ந்து படிப்பதற்காக என்பார் ஒருவர். தமிழின் சுவையை அறிவதற்காக என்பார் மற்றொருவர். மனத்தில் உள்ளதை மறைக்காமல் பேசும் மூன்றாமவர், தேர்வில் மதிப்பெண் பெறுவதற்காக என்பார். மூவர் கூறுவதும் பொய்யன்று. ஆயினும் நான்காவது விடை ஒன்றும் உண்டு. புதிதாக ஒன்றை எண்ணவும், எண்ணியதை ஆக்கவும் வல்ல ஆற்றலை வளர்ப்பதற்காகவும் இலக்கிய வகுப்பு நடைபெறுதல் வேண்டும். அந்த ஆற்றலைத்தான் படைப்பாற்றல் என்கின்றோம்.

படைப்பாற்றல் என்றவுடன், அது கவிஞர்க்கும் ஓவியர்க்கும் மட்டும் உரியது என்று எண்ணிவிடாதீர்கள். வயலுக்கு நீர் பாய்ச்சப் புது வழி காணும் உழவரிடம் அது உண்டு. பழுதுற்ற இயந்திரத்தைத் திருத்தும் தொழிலாளரிடம் அது உண்டு. நோயின் காரணத்தைத் தேடும் மருத்துவரிடமும் உண்டு. யாரிடம் இருப்பினும் அதன் வேர் ஒன்றுதான்: பிறர் கேட்காத ஒரு கேள்வியைத் தானே கேட்டுக்கொள்ளும் துணிவு.

அந்தத் துணிவு நம் இலக்கிய வகுப்புகளில் வளர்கின்றதா? செய்யுள் வருகின்றது. சீர் பிரித்துப் படிக்கின்றோம். அருஞ்சொற்பொருள் எழுதுகின்றோம். இலக்கணக் குறிப்புக் காண்கின்றோம். பின்னர் மனப்பாடம் செய்கின்றோம். இவற்றுள் எதுவும் வேண்டாதது என்று நான் கூறமாட்டேன். மனப்பாடம் செய்த பாட்டு, வாழ்நாள் முழுவதும் உடன்வரும் தோழன். ஆனால் இவை அனைத்திலும் கேள்வி கேட்பவர் ஆசிரியர், அல்லது வினாத்தாள். விடை கூறுவதே மாணவர் வேலை. விடையும் முன்னரே அச்சாகி இருக்கின்றது. அச்சான விடையைத் திரும்ப எழுதும் கைக்குத் தானாக ஒன்றை எழுதும் பழக்கம் எப்படி வரும்?

இதற்கு ஒரு வழி உண்டு. பாட்டை வகுப்பறையின் நான்கு சுவருக்குள் அடைத்து வைக்காமல், தாவரவியல், வரலாறு, வேளாண்மை, சிற்பம், இசை ஆகிய பிற துறைகளின் வாயிலாக வெளியே அழைத்துச் செல்வது. சென்ற பின்னர் மறவாமல் பாட்டுக்கே திரும்பி வருவது. போதலும் வேண்டும், மீளுதலும் வேண்டும். இதுவே இன்று நான் கூற வந்த பொருள். எடுத்துக்காட்டு இல்லாமல் இதனைக் கூறினால் வெறும் அறிவுரையாகப் போய்விடும். ஆகவே ஓர் ஊரையும் சில பாட்டுகளையும் துணையாகக் கொண்டு பேசுகின்றேன்.

தருமபுரியிலிருந்து பெண்ணாகரம் செல்லும் சாலையில் இண்டூர் என்னும் ஊர் இருக்கின்றது. அச்சாலையில் மேலும் மேற்கே சென்றால் பெண்ணாகரமும், அதற்கு அப்பால் காவிரி பாறைகளினூடே விழும் ஒகேனக்கல்லும் வரும். கேழ்வரகும் சாமையும் விளையும் மேட்டு நிலம். புளியும் மாவும் செழிக்கும் மண். கண்ணுக்கெட்டிய தொலைவில் மலைகள். அப்பகுதியில் நான் சில ஆண்டுகள் தமிழாசிரியனாக இருந்தேன். அங்குள்ள மாணவர்களிடம் ஓர் எண்ணம் ஊறியிருப்பதைக் கண்டேன். இலக்கியம் என்பது மதுரையிலும் தஞ்சையிலும் பிறந்தது. மழை குறைந்த நம் ஊருக்கும் அதற்கும் தொடர்பு இல்லை என்பதே அவ்வெண்ணம். படிப்பு முடிந்ததும் வேலை தேடிப் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் செல்வோர் அவர்களுள் பலர். தம் ஊரில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை என்ற எண்ணத்துடன் புறப்படும் இளைஞர், புதிய ஊரிலும் எதனையும் உற்றுப் பார்க்கமாட்டார். ஆதலின் இதனைச் சிறு குறையாக நான் கருதவில்லை.

அந்த எண்ணம் எவ்வளவு பிழையானது என்பதைப் பாருங்கள். தருமபுரிக்குப் பழம்பெயர் தகடூர். தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியைச் சங்கப் புலவர் ஔவையார் பாடினார். அப்பாடல்கள் புறநானூற்றில் இருக்கின்றன. தமிழ்நாட்டுச் சிறுவர் அனைவரும் அறிந்த நெல்லிக்கனியின் கதை அந்த மண்ணின் கதை. அக்கனியைப் பற்றிய பாட்டையே நான் முதலில் எடுத்துக்கொண்டேன். அது புறநானூற்றின் 91ஆம் பாட்டு.

அப்பாட்டின் பொருளை உரைநடையில் சொல்கின்றேன். பழமையான பெரிய மலையின் பிளவில், அடைதற்கு அரிய இடத்தில் விளைந்த நெல்லிக்கனி அதியமானுக்குக் கிடைத்தது. உண்டவர் நெடுங்காலம் வாழ்வர் என்பது அதன் சிறப்பு. அந்தப் பயனைத் தன் மனத்துள்ளேயே அடக்கிக்கொண்டு, வெளியே கூறாமல், அதனை ஔவையாருக்கு அவன் கொடுத்துவிட்டான். உண்மை பின்னர் விளங்கியபோது, நீலமணி போன்ற கழுத்தையுடைய இறைவனைப் போல நீ நிலைபெறுவாயாக என்று அவர் வாழ்த்தினார்.

இப்பாட்டில் நெல்லியைக் குறிக்கும்போது, அதன் இலை சிறியது என்றும் கனி இனியது என்றும் புலவர் கூறுகின்றார். பொழிப்புரை எழுதும்போது இவ்விரண்டு அடைமொழிகளையும் விரைவாகக் கடந்து செல்வோம். அவ்வாறு கடக்காமல் அங்கேயே நின்றோம். நெல்லிக் கிளை ஒன்றும், புளியங்கிளை ஒன்றும், ஒரு கூடை மலைநெல்லிக் காய்களும் வகுப்பிற்கு வந்தன. தாவரவியல் ஆசிரியர் ஒருவரையும் அழைத்திருந்தேன்.

இரண்டு கிளைகளையும் பாருங்கள் என்றார் அவர். பார்வைக்கு இரண்டும் ஒன்று போலவே இருந்தன. நடுவே ஒரு காம்பு. இருபுறமும் வரிசையாகச் சிற்றிலைகள். ஆனால் புளியில் நாம் காணும் வரிசை முழுவதும் சேர்ந்துதான் ஓர் இலை. நெல்லியிலோ ஒவ்வொரு சிறு துண்டும் தனித்தனி இலை. இதற்குச் சான்று யாது? நெல்லியின் சிறு இலைகளின் கக்கத்தில் பூவும் காயும் தோன்றும். புளியின் சிற்றிலைக் கக்கத்தில் அவை ஒருபோதும் தோன்றா. இலை சிறியது என்று புலவர் கூறியது எத்துணைப் பொருத்தமானது என்று மாணவர் வியந்தனர். புலவர் தாவரவியல் நூல் எழுதவில்லை. ஆனால் மரத்தைக் கண்ணால் பார்த்துப் பாடியிருக்கின்றார். அது போதும். காயைக் கையில் எடுத்தால் அதன் மேல் ஆறு மெல்லிய கோடுகள். உள்ளே கொட்டையை உடைத்தால் ஆறு விதைகள். நாள்தோறும் தின்ற காயில் அதுவரை எண்ணாத எண்ணிக்கையை அன்று அவர்கள் எண்ணினார்கள்.

அப்போது ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: ஐயா, நெல்லிக்காய் புளிக்கின்றது, துவர்க்கின்றது, புலவர் அதனை இனிய கனி என்கின்றாரே, அது எப்படி? உரைநூல்களில் நான் காணாத கேள்வி அது. விடை சொல்லாமல், ஆளுக்கொரு காய் கொடுத்தேன். தின்றார்கள், முகத்தைச் சுளித்தார்கள். பின்னர்த் தண்ணீர் குடித்தார்கள். தண்ணீர் இனித்தது! மலையில் அலைந்து, நெல்லி தின்று, சுனைநீர் பருகியவர்க்கு அந்தக் கனி இனிய கனிதானே என்றாள் அவள். வேறொருவன் மறுத்தான். இனிமை காயில் இல்லை, கொடுத்த மனத்தில் இருந்தது, அதனால்தான் புலவருக்கு இனித்தது என்றான். எவர் கூறியது சரி என்று நான் தீர்ப்பு அளிக்கவில்லை. இரண்டு விளக்கங்களும் அவர்களுடைய சொந்த நாவிலும் சொந்த நெஞ்சிலும் பிறந்தவை.

அறிவியல் ஆசிரியரும் தம் பங்குக்கு ஒரு கதை சொன்னார். 1747ஆம் ஆண்டில் ஜேம்ஸ் லிண்ட் என்னும் ஸ்காட்லாந்துக் கப்பல் மருத்துவர், பல்லீறு வீங்கிக் குருதி கசியும் ஸ்கர்வி நோயால் வாடிய மாலுமிகள் பன்னிருவரை இருவர் இருவராகப் பிரித்து, ஒவ்வோர் இணைக்கும் வெவ்வேறு பொருளைக் கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் உண்டவர் விரைவில் தேறினர். பல ஆண்டுகளுக்குப் பின்னர் அதன் காரணம் விளங்கிற்று. அக்காரணப் பொருளே வைட்டமின் சி. அதனைப் பிரித்தெடுத்த ஆராய்ச்சியையும் உள்ளிட்ட பணிக்காக ஹங்கேரி நாட்டு அறிஞர் சென்ட் ஜியார்ஜி 1937இல் நோபல் பரிசு பெற்றார். அந்தச் சத்து நெல்லியில் மிகுதியாக இருக்கின்றது.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை செய்ய வேண்டும். சங்கப் புலவர்க்கு வைட்டமின் தெரிந்திருந்தது என்று பெருமை பேசி விடக்கூடாது. நெல்லி உடலுக்கு நன்று என்பதைப் பட்டறிவால் மக்கள் அறிந்திருந்தனர், அவ்வளவே. அதற்கு மேல் ஏற்றிச் சொன்னால் அறிவியலுக்கும் பிழை, பாட்டுக்கும் பிழை.

இவ்வளவு தொலைவு சென்ற பின்னர்ப் பாட்டுக்குத் திரும்பினோம். உயிரைக் காக்கும் கனியைப் பற்றிய பாட்டில், நீலகண்டனாகிய இறைவன் ஏன் வந்தான் என்று கேட்டேன். வகுப்பு சிறிது நேரம் அமைதியாக இருந்தது. பின்னர் கடைசி இருக்கையில் இருந்த ஒரு மாணவன் மெதுவாகச் சொன்னான்: அந்த இறைவன், பிறர் சாகாமல் இருக்க, சாவைத் தரும் நஞ்சைத் தான் உண்டான். இந்த அரசன், பிறர் வாழ்வதற்காக, வாழ்வைத் தரும் கனியைத் தான் உண்ணாமல் விட்டான். ஒருவன் உண்டது பெரிது. மற்றவன் உண்ணாதது பெரிது.

மாணவர்களே, அந்த நொடிக்காகத்தான் கிளையும் காயும் கப்பல் மருத்துவரும் வகுப்புக்குள் வந்தனர். கனி எதனைத் தரும், எதனைத் தராது என்று எண்ணிப் பார்த்த பின்னரே, அதனைக் கொடுத்தவனின் மனம் எத்தகையது என்பது அவனுக்குத் தோன்றியது. தாவரவியல் பாட்டை விழுங்கிவிடவில்லை; பாட்டின் உள்ளே புகுவதற்கு வழி செய்தது.

அடுத்து 99ஆம் பாட்டைப் பாருங்கள். அதியமானின் முன்னோர் கரும்பைத் தொலைவிலிருந்து இந்நாட்டுக்குக் கொண்டுவந்தனர் என்று அதில் ஔவையார் கூறுகின்றார். போர் வெற்றியைப் பாடும் பாட்டில், ஒரு பயிர் வந்த செய்தியும் இடம் பெறுகின்றது! வாளால் பெற்ற புகழோடு ஏரால் பெற்ற புகழையும் சேர்த்து வைக்கின்றார் புலவர். அந்தப் பழைய தகடூர் நாட்டைச் சேர்ந்த பாலக்கோட்டில் பிற்காலத்தில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை தோன்றியது என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

கரும்பின் கதை அத்துடன் முடியவில்லை. 1912ஆம் ஆண்டில் கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்க நிலையம் நிறுவப்பட்டது. அங்கே பார்பர் என்பவரும் டி. எஸ். வெங்கட்ராமன் என்பவரும் ஆராய்ந்தனர். சாறு மிகுந்த கரும்பு மென்மையானது. வட இந்தியாவின் குளிரையும் வறட்சியையும் தாங்காது. ஆற்றங்கரையில் தானே வளரும் நாணல் கரும்புக்கு உறவினம். அதில் சாறு இல்லை, ஆனால் எதனையும் தாங்கும் வலிமை உண்டு. இவ்விரண்டையும் கலந்து கோ 205 என்னும் புதிய கரும்பை உண்டாக்கினர். அது 1918இல் வெளியிடப்பட்டது. கேரளத்தில் பிறந்த ஜானகி அம்மாள் என்னும் தாவரவியல் அறிஞரும் பின்னர் அந்நிலையத்தில் கரும்பின் உயிரணுக்களை ஆராய்ந்தார்.

நான் இதனை வகுப்பில் கூறியதற்குக் காரணம் உண்டு. ஓர் இனம் தன்னுள்ளேயே பெருகினால் பழையதே மீண்டும் வரும். இரண்டு இனம் கலந்தபோது அதுவரை உலகில் இல்லாத ஒன்று பிறந்தது. அறிவுத் துறைகளும் அத்தகையனவே. தமிழ் தமிழோடும் அறிவியல் அறிவியலோடும் மட்டும் பழகிக்கொண்டிருந்தால், முன்னோர் சொன்னதையே நாமும் சொல்லிக்கொண்டிருப்போம்.

இனி வரலாற்றின் வழியே செல்வோம். பேரரசர் அசோகர் தம் இரண்டாம் பாறைக் கல்வெட்டில், மனிதர்க்கும் விலங்குக்கும் மருத்துவ வசதி செய்ததையும், மருந்துச் செடிகள் இல்லாத இடங்களில் அவற்றைக் கொண்டுவந்து நட்டதையும் கூறுகின்றார். தம் நாட்டில் மட்டுமன்றி எல்லைக்கு அப்பாலும் இது நடந்தது என்று சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் ஆகியோரைப் பெயர் சுட்டுகின்றார். சோழரும் பாண்டியரும் சேரரும் நமக்குத் தெரிந்தவர்களே. சத்தியபுத்திரர் யார்? அறிஞர்கள் நெடுங்காலம் வாதிட்டனர். அது அதியரைக் குறிக்கும் என்று சிலர் சொல்லாராய்ச்சியால் ஊகித்தனர். வடமொழிச் சொல்லின் முதலில் வரும் சகரம் தமிழில் மறைவது உண்டு. சபை அவை ஆவது போலச் சதிய என்பது அதிய ஆகும் என்பது அவர் வாதம்.

1981ஆம் ஆண்டில், திருக்கோவிலூருக்கு அருகில் உள்ள சம்பை என்னும் ஊரின் குன்றில், பழந்தமிழ் எழுத்தில் ஒரு கல்வெட்டுக் கண்டறியப்பட்டது. அதியன் நெடுமான் அஞ்சி கொடுத்த உறைவிடம் என்பது அதன் செய்தி. அவன் பெயருக்கு முன்னால் சத்தியபுத்திரன் என்னும் பட்டம் வெட்டப்பட்டிருக்கின்றது! இலக்கணத்தால் ஊகித்ததற்குக் கல் சாட்சி கூறிற்று. சம்பை இருப்பது தகடூருக்கு நூறு கிலோமீட்டருக்கும் அப்பால். அங்கே இவன் பெயர் எப்படி வந்தது? முன்னர்க் கூறிய 99ஆம் பாட்டைத் திறந்து பாருங்கள். அதியமான் கோவலூரை வென்றான் என்று ஔவையார் பாடுகின்றார். கோவலூர் என்பதே இன்றைய திருக்கோவிலூர். பாட்டும் கல்லும் நிலப்படமும் ஒன்றையொன்று தாங்கி நிற்பதைக் காண்கின்றோம். இதனைக் கரும்பலகையில் வரைந்து காட்டியபோது, எழுத்து மாற்றங்களை எப்போதும் வெறுத்த மாணவர்கள்கூட, வேறு எந்தச் சொற்களில் சகரம் மறைந்திருக்கின்றது என்று தேடத் தொடங்கினர்.

நான்காவதாக ஒரு துறை சிற்பம். தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை மாவட்டங்களில் நடுகற்கள் மிகுதி. ஆநிரை கவரவும் மீட்கவும் நடந்த போரில் இறந்த வீரர்க்கு எடுத்த கற்கள் அவை. தொல்காப்பியம் கல்லைத் தேர்ந்தெடுப்பது முதல் வாழ்த்துவது வரை ஆறு நிலைகளைக் கூறுகின்றது. அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய இரங்கற்பாட்டும் புறநானூற்றில் உண்டு. அது 232ஆம் பாட்டு. நடுகல்லுக்கு மயிற்பீலி சூட்டிச் சிறு கலத்தில் கள் படைக்கின்றார்கள். மலையோடு கூடிய நாட்டையே கொடுத்தாலும் கொள்ளாதவன் இதனை ஏற்றுக்கொள்வானோ என்று அவர் கேட்கின்றார். நடுகல்லை நேரில் பார்த்த மாணவனுக்கு அந்தக் கேள்வியின் துயரம் விளங்கும். அந்தச் சிறிய கல்லின் முன்னே, அந்தச் சிறிய கலத்தைக் கற்பனை செய்து பார்த்தால் போதும்.

திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கின்றது. மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது. வீரனோடு அவனுடைய நாயும் அதில் செதுக்கப்பட்டிருக்கின்றது. நாயின் பெயர் கோவிவன். கள்வரைக் கடித்துக் காவல் நின்ற அதன் செயலை எழுத்தாக வெட்டி வைத்தார்கள். அரசர்க்கு மட்டுமன்றி, மாடு காத்த ஒரு நாய்க்கும் நம் நாட்டில் நினைவுக் கல் உண்டு!

இதனைக் கூறிய பின்னர் மாணவர்க்கு ஒரு வேலை கொடுத்தேன். உங்கள் ஊரில் நினைக்கத் தக்க ஒருவருக்கோ ஒன்றுக்கோ நடுகல் வரையுங்கள். கல்லில் வெட்டுவதானால் எத்தனைச் சொல் வெட்டுவீர்களோ, அத்தனைச் சொல்லில் எழுதுங்கள் என்றேன். கல்லில் வெட்டுபவருக்கு வீண்சொல் எழுத மனம் வராது. வயலுக்குச் சென்று பாம்பு தீண்டி இறந்த பாட்டனாருக்கு ஒருவர் எழுதினார். தாய் இறந்தபின் தம்பி தங்கையரை வளர்த்த அக்காளுக்கு ஒருவர் எழுதினார். சாலை அகலமாக்கியபோது வெட்டப்பட்ட புளியமரத்துக்கு ஒரு மாணவன் எழுதியது இன்றும் என் நினைவில் நிற்கின்றது. நட்டவர் பெயர் யாருக்கும் தெரியாது. நின்றவர் அனைவருக்கும் நிழல் தந்தது. விழுந்த நாளில் பறவைகள் மட்டும் கேட்டன, எங்கள் வீடு எங்கே என்று. இவ்வளவே அவன் எழுதியது. அவனுக்கு யாப்புத் தெரியாது. ஆனால் பாட்டு எங்கே பிறக்கின்றது என்பது தெரிந்துவிட்டது.

இத்தகைய கல்வி புதிதாக வெளிநாட்டிலிருந்து இறக்குமதியானது என்று எண்ண வேண்டா. தாகூர் 1901இல் சாந்திநிகேதனத்தில் பள்ளி தொடங்கி, மரத்தடியில் பாடமும் பாட்டும் ஓவியமும் ஒன்றாக வளர வழி செய்தார். காந்தியடிகள் 1937இல் வார்தாவில் கைத்தொழிலோடு இணைந்த கல்வியை நாட்டின் முன் வைத்தார். நம் தமிழிலோ, இயல் இசை நாடகம் என்று மொழியையே மூன்றாகக் கண்டனர். தொல்காப்பியர், நிலமும் பொழுதும் முதற்பொருள் என்றார். விலங்கும் பறவையும் மரமும் தொழிலும் கருப்பொருள் என்றார். மக்களின் மனவுணர்வை உரிப்பொருள் என்றார். நிலநூலும் உயிர்நூலும் தெரியாமல் அகப்பாட்டு ஒன்றையும் முழுமையாக உணர முடியாது என்பதே இதன் கருத்து. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களை அடுக்கிச் சொல்கின்றார். அவற்றுள் பத்து மலரைக் கண்ணால் பார்த்துவிட்டுப் படிப்பவன் பேறு பெற்றவன்.

இன்னும் ஒரு பெரியார். இலங்கையின் கிழக்குக் கரையில் காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலானந்தர் அறிவியல் கற்றவர், அறிவியல் கற்பித்தவர், தமிழும் வடமொழியும் வல்லவர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராகப் பணிபுரிந்தவர். சிலப்பதிகாரத்தைப் படிக்கையில் அதில் கூறப்படும் யாழ்கள் எங்கே போயின என்று அவர் கேட்டார். பிறர் கண்டு கடந்துபோன இடத்தில் அவர் நின்றார். பௌதிகமும் கணிதமும் இசையும் துணைக்கு வந்தன. நரம்பின் நீளத்துக்கும் ஒலிக்கும் உள்ள கணக்கை ஆராய்ந்து, மறைந்துபோன யாழ்களின் அமைப்பை விளக்கி யாழ் நூல் எழுதினார். அது 1947இல் அரங்கேறியது. தமிழ் மட்டும் கற்றவரால் அந்நூலை எழுதியிருக்க முடியாது. கணிதம் மட்டும் கற்றவருக்கு அதனை எழுதவேண்டும் என்றே தோன்றியிராது.

இவ்வாறு கற்பிப்பதற்கு நேரம் எங்கே, பாடத்திட்டம் முடிய வேண்டாவா என்று ஆசிரியர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். எல்லாப் பாட்டுக்கும் இவ்வாறு செய்ய இயலாது, செய்யவும் வேண்டா. இரண்டு வாரத்துக்கு ஒரு பாட வேளை போதும். பொருட்செலவும் இல்லை. அடுத்த அறையில் பாடம் நடத்தும் ஆசிரியரை அழைப்பதற்குப் பணம் வேண்டுமோ? அழைக்கும் மனம்தான் வேண்டும். ஒன்றை மட்டும் மறத்தலாகாது. வகுப்பு முடியும்போது மாணவர் மனத்தில் நிற்க வேண்டியது பாட்டு. நெல்லியின் வேதியியல் மட்டும் நின்று ஔவையார் மறைந்துபோனால், அது அறிவியல் வகுப்பாகலாம்; இலக்கிய வகுப்பு ஆகாது.

மாணவர்களாகிய நீங்கள் ஆசிரியர் வழிகாட்டும்வரை காத்திருக்கவும் வேண்டா. உங்கள் பாடநூலில் உள்ள ஒரு செய்யுளை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் வரும் ஒரு மரம், ஒரு கருவி, ஓர் ஊர், ஒரு தொழில் ஆகியவற்றுள் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். அதனைப் பற்றி உங்களுக்கு உண்மையாகவே தெரியாத மூன்று கேள்விகளை எழுதுங்கள். பின்னர் அவற்றைத் தெரிந்தவரிடம் செல்லுங்கள். அவர் பேராசிரியராக இருக்கலாம், கொல்லராக இருக்கலாம், ஆடு மேய்க்கும் பெரியவராகவும் உங்கள் பாட்டியாராகவும் இருக்கலாம். ஊர்ப்பெயரில்கூடத் தொடங்கலாம். இண்டு என்பது முள்ளுடைய ஒரு கொடியின் பெயர். இண்டூர் என்னும் பெயரில் அந்தக் கொடி படர்ந்திருக்கின்றதா? அவ்வூர் மாணவர்க்குப் பெரியவர்களிடம் கேட்டு ஆராய நல்ல பொருள் அது. ரா. பி. சேதுப்பிள்ளை அவர்கள் ஊரும் பேரும் என்னும் நூலில் தமிழகத்து ஊர்ப்பெயர்களை ஆராய்ந்த முறை உங்களுக்கு வழிகாட்டும். கேட்டு வந்த பின்னர், செய்யுளை மீண்டும் ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். அப்போது தோன்றுவதைப் பத்து வரி எழுதுங்கள். அந்தப் பத்து வரிக்கு மதிப்பெண் இல்லை. ஆனால் அவை எந்த உரைநூலிலும் அச்சாகாத வரிகள்; உங்களுடைய வரிகள்.

மனப்பாடம் செய்த விடைகள் தேர்வு முடிந்த சில நாளில் மறைந்துபோகும். தானே கேட்டுத் தானே தேடிய ஒரு கேள்வி மறைவதில்லை. நீங்கள் பிற்காலத்தில் எந்த ஊருக்குச் சென்று எந்தத் தொழில் செய்தாலும், புதிய இடத்தில் எதனைப் பார்க்கலாம், யாரிடம் கேட்கலாம் என்று அது உங்களைத் தூண்டிக்கொண்டே இருக்கும். அந்தத் தூண்டுதலை இலக்கிய வகுப்பு உங்களுக்குத் தருமாயின், அதன் கடமை நிறைவேறியது என்பேன்.